மறு: 'கலிலியோப் பீரங்கி'க்குத் தமிழ்ச்சொல் – என் தெரிவு 'உப்புமூட்டைத் துள்ளல்'

எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இனியும் எழுதாவிட்டால் 'கலிலியோப் பீரங்கி' என்றே முடிவாகிவிடும் போலிருக்கிறது. இடையில் சேர்ந்தவர்களுக்காக: பெரிய பந்தின் உச்சியில் ஒரு சின்னப் பந்தை வைத்து இரண்டையும் ஒன்றாகக் கீழே விட்டால், சின்னது விட்ட உயரத்தைப்போல் பல மடங்கு மேலே பாயும். ஆங்கிலத்தில் 'கலிலியன் கனன்' (Galilean cannon) எனப்படும் அந்தச் சோதனைக்குத்தான் நம் சொற்பட்டியலுக்கு ஒரு தமிழ்ப்பெயர் தேடுகிறோம்.

போன ஞாயிறு திருகோணமலை உப்புவெளியில் அக்கா வீட்டு விறாந்தையில் அதைச் செய்து பார்த்தோம். மருமகளின் பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி, பலகையில் 'கலிலியன் கனன்' என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். 'கனன் எண்டா என்ன மாமா' என்றுதான் முதலில் கேட்டாள். பந்து ஏன் பாய்கிறது என்று கேட்க வேண்டிய பிள்ளை பெயரிலேயே தடக்கி நின்றது எனக்கு மனவருத்தமாக இருந்தது.

காற்று இறங்கிய உதைபந்து, ஒரு டெனிஸ் பந்து, சீமெந்துத் தரை. முதல் நாலைந்து தடவை சரிவரவில்லை, சின்னது உச்சியிலிருந்து ஒரு விரல் அகலம் விலகினாலும் பக்கவாட்டில் பாய்ந்து கிணற்றடிக்குப் போய்விடும். பந்துக்குக் காற்றடித்து, மேல்பந்தை இரண்டு விரல் நுனியால் தொட்டபடி நெஞ்சுயரத்திலிருந்து விட்டபோது 'டப்' என்று ஒரே சத்தம், டெனிஸ் பந்து போய்க் கூரை மரத்தில் அடித்தது. அவள் மேலே பார்த்தாள். அவள் தம்பி கீழே பார்த்தான். 'பெரிய பந்து செத்துப்போச்சு மாமா' என்றான், உதைபந்து அவன் கணுக்காலைத் தாண்டி எழும்பவில்லை. அவன் பார்த்த இடத்தில்தான் பௌதிகம் இருக்கிறது, நாம் வைக்கும் பெயரும் பார்ப்பவரின் கண்ணை அங்கே கொண்டுபோக வேண்டும் என்பதுதான் என் கட்சி.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். உதைபந்து 430 கிராம், டெனிஸ் பந்து 58 கிராம், 1 மீற்றரிலிருந்து விடுகிறோம், எந்த மோதலிலும் சக்தி வீணாகவில்லை என்று வைத்துக்கொள்வோம். தரையைத் தொடும்போது இரண்டுக்கும் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 4.4 மீற்றர். உதைபந்து முதலில் தரையில் பட்டு அதே வேகத்தில் மேலே திரும்புகிறது, திரும்பிய கணத்தில் இன்னும் கீழே வந்துகொண்டிருக்கும் டெனிஸ் பந்தை முட்டுகிறது. முட்டிய பிறகு டெனிஸ் பந்தின் வேகம் தரையைத் தொட்ட வேகத்தைப்போல் 2.52 மடங்கு, உதைபந்தின் வேகம் 0.52 மடங்கு. உயரம் வேகத்தின் வர்க்கத்தோடு போவதால் சின்னது 6.3 மீற்றருக்கு மேல், பெரியது 27 சென்ரிமீற்றர் மட்டும். சென்னையிலிருந்து எழுதிய ஐயா 'உந்தம் காக்கப்படுகிறதா' என்று கேட்டிருந்தார், அவருக்கும் இதிலேயே பதில் உண்டு ஐயா. உந்தம் என்பது திணிவை வேகத்தால் பெருக்கியது, தரையைத் தொட்ட வேகத்தை 1 என்று வைத்துக்கொள்வோம்: பந்தோடு பந்து முட்டுவதற்கு முன் மேல்நோக்கி 430, கீழ்நோக்கி 58, மிச்சம் மேல்நோக்கி 372. முட்டிய பிறகு பெரியதிடம் 226, சின்னதிடம் 146, கூட்டினால் அதே 372. அந்த உந்தம் முதலில் எங்கிருந்து வந்தது என்றால், தரை கொடுத்தது.

நிஜத்தில் இவ்வளவு வராது. டெனிஸ் பந்துக்கு விதியே இருக்கிறது, 254 சென்ரிமீற்றரிலிருந்து விட்டால் 135 முதல் 147 வரைதான் எழும்ப வேண்டும், அதாவது ஒரு துள்ளலில் சக்தியில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தொலைந்துவிடுகிறது. உதைபந்தும் தன் பங்குக்குத் தொலைக்கும். அதனால் 6 மீற்றர் என்று கணக்கு சொல்கிற இடத்தில் 3 மீற்றர் கிடைத்தாலே நல்ல துள்ளல். மீளமைவுக் குணகத்தை (மோதிய வேகத்தில் எவ்வளவு பங்கு திரும்பக் கிடைக்கிறது என்ற அளவை) உயர்தர வகுப்பில் வெறும் e என்று மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு இந்த 6க்கும் 3க்கும் இடையிலான வித்தியாசத்தைக் காட்டினால் போதும், விளங்கிவிடும்.

இனிப் பெயர். பீரங்கி எனக்கு ஏன் பிடிக்கவில்லை என்றால், கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டைக்குள் பழைய பீரங்கிகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். பீரங்கிக்குள் மருந்து வெடித்தால்தான் குண்டு போகும் என்று அவர்களுக்குத் தெரியும். இந்தச் சோதனையில் எதுவும் வெடிக்கவில்லை, விட்ட உயரம் கொடுத்த சக்தியைத் தவிர ஒரு துளியும் கூடவில்லை, பெரியதிடம் இருந்தது சின்னதுக்குக் கைமாறியது, அவ்வளவுதான். பீரங்கி என்று சொன்னவுடன் பிள்ளை இல்லாத வெடிமருந்தைத் தேடும்.

'அடுக்குத் துள்ளல்' என்று மட்டக்களப்பு அக்கா தந்தது நல்ல சொல்தான். ஆனால் அக்கா, அடுக்கு என்றால் எது மேலே எது கீழே என்று தெரியாது, உதைபந்தை மேலே வைத்து விட்டாலும் அது அடுக்குத்தான், பாய்ச்சல் மட்டும் வராது. 'திணிவேற்றத் துள்ளல்' என்று வந்த இன்னொன்றில் வேறு சிக்கல். நாம் திணிவு என்பதைத் தமிழ்நாட்டில் நிறை என்கிறார்கள், நாம் நிறை என்பது அவர்களுக்கு எடை. சக்தி அங்கே ஆற்றல், வேகம் அங்கே திசைவேகம். இதில் எந்த ஒன்றை வைத்துப் பெயர் கட்டினாலும் பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் போனவுடன் அது வேறொன்றாகிவிடும். புதுச்சொல்லையாவது இரண்டு கரைக்கும் பொதுவாக வைப்போம் என்று மன்றாட்டமாகவே கேட்கிறேன்.

உப்புமூட்டை இரண்டு கரையிலும் உப்புமூட்டைதான். இதை நான் யோசித்து எடுக்கவில்லை. திங்கட்கிழமை கண்காட்சிக்கு முன் மருமகள் போனில் 'எப்படி வைக்கிறது, எனக்குச் சரிவருதில்லை' என்றபோது, 'சின்னதைப் பெரிசின்ர முதுகில உப்புமூட்டை ஏத்து, நேர் நடுவில இருக்கோணும்' என்று சொன்னேன். உடனே சரியாகச் செய்துவிட்டாள். கனமானது கீழே, லேசானது மேலே, இரண்டும் ஒட்டியபடி, சுமப்பவர் உன்னினால் ஏறியிருப்பவர் எகிறுவார். செய்முறை முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

'விளையாட்டுச் சொல், பாடநூலுக்கு ஏற்காது' என்று ஒருவர் எழுதலாம் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன். மோதல் விதிகளைச் சரியாகக் கண்டவர்களில் ஒருவரான 17ஆம் நூற்றாண்டு டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ், ஓடும் படகில் நின்று பந்துகளை மோதவிடுபவரையும் கரையில் நின்று அதைப் பார்ப்பவரையும் வைத்துத்தான் வாதாடினார், அந்த நூல் அவர் இறந்த பிறகு 1703 இல் வெளிவந்தது. அதே படகுதான் இந்தச் சோதனைக்கும் திறப்பு. 2009 இல் பாலம் திறக்கும் முன் கிண்ணியாவுக்குப் படகில் போய்வந்தவர்கள் இதைச் சட்டென்று பிடிப்பார்கள்: மேலே வரும் உதைபந்தைப் படகு என்று வையுங்கள், அதில் இருந்து பார்த்தால் சின்னப் பந்து இரண்டு மடங்கு வேகத்தில் வந்து, பெரியது மிகக் கனமாக இருந்தால், அதே இரண்டு மடங்கில் திரும்பும். படகின் வேகத்தையும் சேர்த்தால் கரையில் நிற்பவருக்கு மூன்று மடங்கு, உயரம் ஒன்பது மடங்கு. அதற்கு மேல் ஏறாது. கீழ்ப்பந்து மேல்பந்தைப்போல் சரியாக மூன்று மடங்கு கனம் என்றால் இன்னும் அழகு, கீழ்ப்பந்து அப்படியே நின்றுவிடும், சக்தி முழுவதையும் சின்னது எடுத்துக்கொண்டு நான்கு மடங்கு உயரம் போகும்.

சொல் நீளம் என்பது நியாயமான குறை. கட்டுரைக்குள் முதல் தடவை முழுதாக எழுதிவிட்டுப் பிறகு 'மூட்டைத்துள்ளல்' என்று சுருக்கலாம்.

சொற்பட்டியலுக்கு நான் எழுதி வைத்திருக்கும் பதிவு:

உப்புமூட்டைத் துள்ளல் – கனமான பந்தின் உச்சியில் லேசான பந்தை வைத்து ஒன்றாக விழவிடும்போது, தரையில் பட்டு மீளும் கீழ்ப்பந்து தன் இயக்கசக்தியில் ஒரு பகுதியை மேல்பந்துக்குக் கொடுத்து, அதை விட்ட உயரத்துக்கு மேலாக எகிறச் செய்தல்.

இயக்கசக்தி என்ற இடத்தில் தமிழ்நாட்டுப் பதிப்புக்கு இயக்க ஆற்றல் என்று மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று பந்து வைத்தால் கணக்கு ஏழு மடங்கு வேகம் வரை போகும், அதற்கு 'இரட்டை உப்புமூட்டை' என்பதா 'மூவடுக்கு உப்புமூட்டை' என்பதா என்று எனக்கு இன்னும் தீர்மானமில்லை. அக்கா, உங்கள் 'அடுக்கு' அந்த இடத்தில் நன்றாகப் பொருந்துகிறது, நீங்களே சொல்லுங்கள்.