சளி போயும் மூக்கடைப்பு போகல, வாசனையும் தெரியல. யாராவது சொல்லுங்க

இரவுப்பறவை:
சளி பிடிச்சுப் போயிடுச்சு. மூக்கு மட்டும் அடைச்சே கிடக்கு. எவ்வளவு சிந்தினாலும் ஒண்ணும் வரல. வாசனையும் சுத்தமா தெரியல. தூக்கம் போச்சு. சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

ஒத்தையடி:
எத்தனை நாளா? காய்ச்சல் உண்டா? ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா? எதுவுமே சொல்லாம சீக்கிரம்னா எப்படி?

மழைக்காகம்:
மென்தால் தைலம் தடவுங்க ப்ரோ. உடனே திறந்துக்கும். எனக்கு எப்பவும் அதுதான்.

மூத்தவாசகன்:
இதே கேள்விக்கு எத்தனை தடவை எழுதியாச்சு! தேடிப் பாக்கற பழக்கமே யாருக்கும் கிடையாது. மென்தால் மூக்கைத் திறக்காது. குளிர்ச்சியை உணர்ற நரம்பைத் தூண்டிவிட்டு, காத்து போற மாதிரி ஏமாத்தும். சிந்தியும் வரலேன்னா அடைச்சிருக்கறது சளியே இல்ல. மூக்கோட பக்கச் சுவர் மடிப்புகள்ல ரத்தம் தேங்கி சவ்வு வீங்கியிருக்கு. வீக்கத்தை எப்படிய்யா சிந்துவீங்க?

இரவுப்பறவை:
17 நாள். காய்ச்சல் முதல் 2 நாள்தான். ரெண்டு பக்கமும். முதல்ல பச்சையா வந்துச்சு, இப்ப இல்ல.

சும்மாவந்தேன்:
பச்சைன்னா பாக்டீரியா. அப்பவே ஆன்டிபயாட்டிக் போட்டிருக்கணும்.

மூத்தவாசகன்:
தப்பு. அந்தப் பச்சை நம்ம வெள்ளணுக்களுக்குள்ள இருக்கற ஒரு நொதியோட நிறம். வெறும் வைரஸ் சளியிலயும் வரும்.

சும்மாவந்தேன்:
எனக்கு போட்ட 3-ஆம் நாளே சரியாச்சு சார்.

மூத்தவாசகன்:
சளி வந்து எத்தனாவது நாள் போட்டீங்க?

சும்மாவந்தேன்:
ஒரு வாரம் கழிச்சு.

மூத்தவாசகன்:
7 முதல் 10 நாள்ல பெரும்பாலும் அதுவே போயிடும். பேரை மாத்திரை தட்டிக்கிட்டுப் போயிடுச்சு.

சும்மாவந்தேன்:
அப்ப டாக்டருங்க எதுக்கு? நீங்களே போதுமே.

ஒத்தையடி:
ரெண்டு பேரும் தனி இழை போட்டுக்கங்க. 10 நாள் தாண்டியும் கொஞ்சமும் குறையலேன்னாலோ, குறைஞ்ச மாதிரி இருந்து மறுபடி காய்ச்சல், முகவலின்னு ஏறினாலோ பாக்டீரியாவைச் சந்தேகப்படணும். இரவுப்பறவை, மூக்குல ஏதாவது விடறீங்களா?

இரவுப்பறவை:
ஸ்ப்ரேதான். ஆக்ஸிமெட்டாசோலின். முன்ன ராத்திரி முழுக்கத் தாங்கும், இப்ப 1 மணி நேரம்கூட இல்ல. எல்லாரும் போடறதுதானேன்னு சொல்லல.

ஒத்தையடி:
எப்பலேர்ந்து?

இரவுப்பறவை:
சளி பிடிச்ச அன்னிக்கே ஆரம்பிச்சேன்.

ஒத்தையடி:
அட, இதைத்தான் முதல்லயே சொல்லியிருக்கணும். அது 3 நாள், மிஞ்சிப்போனா 5 நாளுக்குத்தான். ரத்தக்குழாயைச் சுருக்கும். வேகம் இறங்கினதும் குழாய் முன்னைவிட அதிகமா விரிஞ்சு, சவ்வு மறுபடி வீங்கும். நீங்க மறுபடி அடிப்பீங்க. சளி எப்பவோ போயிருக்கும், இந்தச் சுத்துதான் பாக்கி. டாக்டர்கிட்ட காட்டி நிறுத்துங்க. ஸ்டீராய்டு ஸ்ப்ரே எழுதிக் குடுப்பாங்க, அது வேலை செய்ய சில நாள் பிடிக்கும். உப்புத் தண்ணி விட்டுக் கழுவலாம், ஆனா கொதிக்க வெச்சு ஆறின தண்ணி மட்டும்தான்.

வாடாமுல்லை:
வாசனையைப் பத்தி யாரும் பேசலையே. அடைப்பால காத்து மேல வரைக்கும் எட்டாம இருக்கலாம். அப்படின்னா வீக்கம் வடிஞ்சா திரும்பிடும். இல்லேன்னா முகர்ற இடமே அடிபட்டிருக்கும். எனக்கு கோவிட்ல அப்படித்தான் போச்சு. அந்த வைரஸ் முக்கியமா பிடிக்கறது முகர்வு நரம்பைச் சுத்தி இருக்கற துணைச் செல்களைத்தான்னு அப்புறம் படிச்சேன். திரும்பினப்ப சோப்பு வாசனை கருகின ரப்பர் மாதிரி இருந்துச்சு. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு நாலையும் காலையும் சாயங்காலமும் மோந்து பாக்கற பயிற்சி இருக்கு. 2009-ல ஜெர்மனியில 12 வாரம் செஞ்சு பாத்து எழுதினாங்க. பொறுமை வேணும்.

சும்மாவந்தேன்:
மோந்து பாத்தா நரம்பு வளருமா?

மூத்தவாசகன்:
முகர்வு நரம்புச் செல் வாழ்நாள் பூரா புதுசா முளைக்கும். பள்ளிக்கூடப் பாடம்.

சும்மாவந்தேன்:
எந்தப் பள்ளிக்கூடத்துல?

இரவுப்பறவை:
ஸ்ப்ரேயை நிறுத்தி 4 நாள். முதல் ரெண்டு ராத்திரி நரகம், உக்காந்தே தூங்கினேன். இன்னிக்கு இடது பக்கம் திறந்திருக்கு. நன்றி.

ஒத்தையடி:
வலது? வாசனை?

வாடாமுல்லை:
ஆளைக் காணோம். தூங்கறார்போல.