சேலஞ்சரின் அடிப்பாகம்: கறுப்புப் பூச்சை உரித்தபின் எந்த நிறப் பிரைமர் அடிப்பது?

ஊதாச்சேலஞ்சர்
அனைவருக்கும் வணக்கம். என் பழைய டாட்ஜ் சேலஞ்சர் காரின் அடிப்பாகம் முழுவதும் தார் போன்ற கறுப்புப் பூச்சு அப்பிக் கிடக்கிறது. அதை உரித்துவிட்டு, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்தபடியே ஆக்க விரும்புகிறேன். சனிக்கிழமை, வண்டியைத் தூக்கி நிறுத்த நண்பரின் லிஃப்ட் கிடைக்கிறது. எதைக் கொண்டு உரிப்பது, பெயிண்டுக்கு முன் அடிக்கும் பிரைமரை எந்த நிறத்தில் வாங்குவது என்று அதற்குள் யாராவது சொன்னால் பேருதவியாக இருக்கும்.

ஏரிக்கரையான்
எந்த ஆண்டு வண்டி, எந்த ஆலையில் செய்தது, வெளி நிறம் என்ன? இந்த மூன்றும் தெரியாமல் பிரைமர் நிறத்தைச் சொல்ல வழியில்லை. நீங்கள் மிச்சிகனில் இருக்கிறீர்களா, கலிபோர்னியாவிலா என்பதையும் சொல்லுங்கள். துருவின் நிலையை ஓரளவு ஊகிக்கலாம்.

செங்காவி
இதில் யோசிக்க ஒன்றுமில்லை, நண்பரே. அந்தக் காலத்து வண்டி எதுவானாலும் அடியில் செங்காவி நிற ரெட் ஆக்சைடு பிரைமர்தான். கம்பி பிரஷ் பூட்டிய கிரைண்டரால் தேய்த்துவிட்டு இரண்டு கோட் அடியுங்கள், வேலை முடிந்தது.

பட்டறை_மூத்தவர்
இதே கேள்விக்கு எத்தனை முறைதான் பதில் எழுதுவது? ஒரு வண்டியை வாங்குகிறவர் முதலில் அதன் குறியீட்டுத் தகட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும். வின் எண்ணில், அதாவது வண்டியின் அடையாள எண்ணில், ஆறாவது இடம் ஆண்டு, ஏழாவது இடம் ஆலை. அங்கே ‘பி’ என்றிருந்தால் மிச்சிகனின் ஹாம்ட்ராம்க், ‘ஈ’ என்றிருந்தால் லாஸ் ஏஞ்சலஸ். ஓட்டுநர் பக்கத்து இன்னர் ஃபெண்டரில் உள்ள தகட்டைக் கீழ் வரியிலிருந்து மேலாகப் படிக்க வேண்டும். அதில் ‘ஜே55’ என்ற குறியீடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

ஊதாச்சேலஞ்சர்
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். 1970 மாடல், 340 எஞ்சின், நிறம் பிளம் கிரேசி என்ற ஊதா. இருப்பது மிச்சிகன். தகட்டை இன்றிரவு பார்க்கிறேன். ஜே55 என்றால் என்ன?

நெம்புகோல்
ஜே55 என்பது வாங்குகிறவர் கூடுதல் பணம் கொடுத்துக் கேட்ட அண்டர்கோட்டிங், அதாவது அடிப்பாகக் காப்புப் பூச்சு. பானட்டின் உட்புற அட்டையும் அதனுடன் சேர்ந்து வரும். தகட்டில் அந்தக் குறியீடு இருந்தால், நீங்கள் உரிக்கப் போகும் கறுப்புப் பூச்சே அந்த வண்டியின் அசல் பூச்சாக இருக்கக்கூடும். ஆகவே சுரண்டியைக் கையில் எடுக்கும் முன் அதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தகட்டை மட்டும் நம்பவும் வேண்டாம், அடிப்பாகத்தையும் பாருங்கள். தொழிற்சாலையில் இந்தப் பூச்சை அடிக்கும்போது வண்டி வெறும் கூடாகவே இருந்தது. சஸ்பென்ஷனும் பெட்ரோல் டேங்க்கும் அதன் பிறகே ஏறின. விற்பனையாளரோ பின்னாளில் வேறு யாரோ அடித்திருந்தால், ஹேண்ட்பிரேக் கேபிள், லீஃப் ஸ்பிரிங் தாங்கி, போல்ட் தலை என்று எல்லாவற்றின் மேலும் கறுப்பு வழிந்திருக்கும். டேங்க்கை இறக்கினால் அதன் மேலே உள்ள தகரம் மட்டும் பூச்சில்லாமல் நிற்கும்.

பிரைமர் நிறத்துக்கும் அந்த இடமே சாட்சி. ஹாம்ட்ராம்க் வண்டிகளிலேயே சாம்பலையும் பார்த்திருக்கிறேன், செந்நிறத்தையும் பார்த்திருக்கிறேன். ஆகவே செங்காவி அவர்கள் சொல்வதுபோல் ஒரே நிறத்தை எல்லா வண்டிக்கும் பொருத்த முடியாது. டேங்க்குக்கு மேலும், தரையின் ரப்பர் அடைப்பான்களுக்கு அடியிலும், கே வடிவ முன் சட்டம் உடலோடு சேரும் இடத்திலும் மெழுகு நீக்கியால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள்.

செங்காவி
என் 1970 பாரகுடாவில் செந்நிறம்தான் இருந்தது. அதை என் கண்ணால் பார்த்தேன்.

பட்டறை_மூத்தவர்
ஒரு வண்டியைப் பார்த்துவிட்டு ஆலைக்கே சட்டம் எழுதக் கூடாது, தம்பி.

உப்புச்சாலை
நீங்கள் எல்லாரும் நிறத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். மிச்சிகனில் குளிர்காலம் முழுவதும் சாலையில் உப்புக் கொட்டுகிறார்கள். அசல் நிலையில் இருக்கும் வெறும் பிரைமரும் அதன்மேல் தூறலாகப் படிந்த வெளிநிறமும் அந்த உப்பை எப்படித் தாங்கும்? இருக்கிற கறுப்பின் மேலேயே ரப்பர் கோட்டிங் அடித்துவிட்டால் வண்டி பிழைக்கும். அசல் என்று சொல்லித் தரையை ஓட்டையாக்குவதில் என்ன பெருமை?

பட்டறை_மூத்தவர்
ஐம்பது ஆண்டு கண்ட தார், தகரத்தை விட்டு ஆங்காங்கே தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த இடுக்கில் ஈரமும் உப்பும் தங்கிவிடும். அதன் மேல் ரப்பரை அடித்தால் துருவை உள்ளே வைத்துத் தைப்பதாகும். காப்பாற்றத்தான் வேண்டும் என்றால் முதலில் உரித்தாக வேண்டும்.

உப்புச்சாலை
உரித்துவிட்டு ரப்பர் அடிக்கட்டுமே, அதில் என்ன குறை? குளிர்காலத்தில் ஓட்டுகிறவருக்கும் கண்காட்சிக்கு வைக்கிறவருக்கும் ஒரே பதிலை ஏன் சொல்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

நெம்புகோல்
நியாயமான கேள்வி. ஆனால் இவர் கேட்டிருப்பது அசல் நிலை. துருவைத் தடுக்கும் எபாக்சி பிரைமரையே பழைய பிரைமரின் நிறத்துக்குக் கலந்து அடித்தால் காப்பும் கிடைக்கும், தோற்றமும் கிடைக்கும். உப்புக் காலத்தில் வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டால் அதுவே போதும்.

ஏரிக்கரையான்
கிரைண்டர் யோசனையைக் கைவிடுங்கள். கம்பி பிரஷ் தாரைச் சூடேற்றி எங்கும் அப்பிவிடும், அடியில் மிஞ்சியிருக்கும் பழைய பிரைமரையும் கொண்டுபோய்விடும். மணல் அடிப்பதும் வேண்டாம். மூடிய சட்டங்களுக்குள் மணல் புகுந்தால் எளிதில் வெளியே வராது.

எனக்குப் பலன் தந்தது டிரை ஐஸ், அதாவது உறைந்த கரியமில வாயு. சுமார் மைனஸ் 78 டிகிரிக் குளிரில் தார் நொறுங்கும் பதத்துக்கு வரும். வண்டித் தரையின் உட்பக்கத்தில் டிரை ஐஸைப் பரப்பிக் காத்திருந்து, அடியிலிருந்து பிளாஸ்டிக் சுரண்டியால் நெம்பினால் தார் பில்லை பில்லையாக விழும். கேரேஜ் கதவைத் திறந்தே வையுங்கள், ஏனென்றால் அது கரியமில வாயுவாகக் கலைந்து தரையோரம் தேங்கும். விழாத இடத்துக்கு ஹீட் கன் போதும்; தார் இளகினால் சரி, புகையக் கூடாது. நெருப்பு டார்ச்சைப் பெட்ரோல் குழாய் இருக்கும் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம், ஆகையால் நுண்தூசியைத் தடுக்கும் பி100 வடிகட்டியுள்ள முகமூடி அணிந்து, தூசியை ஈரத்துணியால் எடுங்கள்.

நெம்புகோல்
ஒன்றைச் சேர்க்கிறேன். முன் சஸ்பென்ஷனின் டார்ஷன் பார்களில் சுரண்டியின் கீறல்கூட விழக் கூடாது. முறுக்கத்தைத் தாங்கும் கம்பியில் ஒரு சிறு வெட்டு விழுந்தாலும் அங்கிருந்தே அது பின்னாளில் முறியும். அவற்றைக் கழற்றினால் இடது எது, வலது எது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாற்றிப் பூட்டக் கூடாது.

ஊதாச்சேலஞ்சர்
பார்த்துவிட்டேன். ஏழாவது எழுத்து பி. தகட்டில் ஜே55 இல்லை. ஹேண்ட்பிரேக் கேபிள் முழுவதும் கறுப்பு. டேங்க்குக்கு மேலே சாம்பல் பிரைமர், அதன் ஓரங்களில் ஊதாத் துகள்கள். டிரை ஐஸ் வாங்கப் போகிறேன். எல்லாருக்கும் நன்றி.

நெம்புகோல்
அப்படியானால் அந்தத் தார் பின்னாளில் வந்தது, தயங்காமல் உரிக்கலாம். தார் விழும்போது தகரத்தில் கிரேயான் எழுத்தோ வண்ணப் பொட்டோ தெரிந்தால் உடனே துடைக்காமல், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். ஆலை ஊழியர்கள் இட்ட குறிகளாக இருக்கலாம். டேங்க்குக்கு மேலே உள்ள சாம்பலைத் தொடாமல் விட்டுவைத்து, அதற்கு ஒப்பிட்டே எபாக்சியைக் கலக்கச் சொல்லுங்கள். ஊதாவை அடிக்கும்போது டேப் ஒட்டி எல்லை கட்ட வேண்டாம். கதவுக்குக் கீழுள்ள விளிம்பிலிருந்து சாய்வாக அடித்தால், நடுப்பகுதியை நோக்கிப் போகப் போக நிறம் மெலிந்து பிரைமரில் கலந்துவிடும். ஆலையிலும் அப்படித்தான் படிந்தது.