மாஸ்டர், ஸ்லேவ், ஒயிட்லிஸ்ட் பெயர்களை மாற்றச் சொல்கிறார்கள்: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

கேள்வி: வடகரை

எங்கள் தயாரிப்பு ஜாங்கோ என்ற பைத்தான் ஃபிரேம்வொர்க்கில். டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல் 8.0 (ஒரு முதன்மை சர்வர், இரண்டு நகல்), கேஷ் போன்ற வேகத் தரவுக்கு ரெடிஸ் 6, கோட் கிட்ஹப்பில். அடுத்த வெளியீட்டில் மாஸ்டர், ஸ்லேவ் (எஜமானன், அடிமை), ஒயிட்லிஸ்ட், பிளாக்லிஸ்ட் (அனுமதிப் பட்டியல், தடைப் பட்டியல்) என்ற சொற்கள் இருக்கக் கூடாது என்று அமெரிக்க வாடிக்கையாளர் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார். குழுவில் பாதிப் பேர் இது வெட்டி வேலை என்கிறார்கள், மீதிப் பேர் ஒரே கமிட்டில் தேடி மாற்றிவிடலாம் என்கிறார்கள். வாடிக்கையாளர்களின் கான்ஃபிக் கோப்பில் ஒயிட்லிஸ்ட் என்றே ஒரு கீ இருப்பதுதான் பயமாக இருக்கிறது. எங்கே தொடங்குவது?

பதில்: டிபிஏ_சேலம்

தேடி மாற்றுவது வேண்டவே வேண்டாம். பழைய மைக்ரேஷன் கோப்புகள் (டேட்டாபேஸ் மாற்றங்களின் பதிவு), மாஸ்டர்கார்டு, வெப்மாஸ்டர் எல்லாம் சேர்ந்து மாறிவிடும். ஒவ்வொரு பெயருக்கும் அதை வெளியே யார் படிக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். உங்கள் கோட் மட்டும் படிக்கும் மாறி, ஃபங்ஷன் பெயர்களை இன்றே மாற்றலாம். டேபிள் காலம் (column, நெடுவரிசை) பெயரைத் தொட வேண்டியதே இல்லை: மாடலில் ஃபீல்டுக்குப் புதுப் பெயர் வைத்து, டிபி_காலம் (db_column) என்ற ஆப்ஷனில் பழைய பெயரைக் கொடுத்தால் போதும்.

கான்ஃபிக் கீயில்தான் ஆபத்து. புதுக் கோட் அலவ்லிஸ்ட் என்ற புதுப் பெயரைத் தேடும், கோப்பில் ஒயிட்லிஸ்ட் இருக்கும், எர்ரர் எதுவும் வராது, பட்டியல் காலியாகிவிடும். காலிப் பட்டியல் என்றால் எல்லோரையும் அனுமதி என்று எங்காவது எழுதியிருந்தால் கதவு திறந்து கிடக்கும். அதனால் இரண்டு வெளியீடுகளுக்காவது இரண்டு கீயையும் படியுங்கள். பழையது வந்தால் லாகில் எச்சரிக்கை போடுங்கள். இரண்டும் இருந்து மதிப்பு வேறுபட்டால் செயலி தொடங்கவே கூடாது.

மைஎஸ்கியூஎல்லில் வேறு வழியே இல்லை, 8.4க்குப் போகும்போது எப்படியும் மாற்றியாக வேண்டும். 8.0.22இல் நகலின் நிலையைக் காட்டும் ஷோ ரெப்ளிகா ஸ்டேட்டஸ் கட்டளை வந்தது, 8.4இல் ஷோ ஸ்லேவ் ஸ்டேட்டஸ், சேஞ்ச் மாஸ்டர் டு எல்லாம் நீக்கப்பட்டுவிட்டன. கட்டளையோடு காலம் பெயரும் மாறும்: நகல் எத்தனை விநாடி பின்தங்கியது என்று காட்டும் செகண்ட்ஸ் பிஹைண்ட் மாஸ்டர் இப்போது செகண்ட்ஸ் பிஹைண்ட் சோர்ஸ். கண்காணிப்பு ஸ்கிரிப்ட் பழைய காலம் பெயரைத் தேடி, கிடைக்காததை 0 என்று எடுத்துக்கொண்டால் நகல் எவ்வளவு பின்தங்கினாலும் அலாரம் அடிக்காது. சோதிக்க எளிய வழி: ஸ்டேஜிங்கில் (சோதனைச் சூழலில்) நகலை வேண்டுமென்றே நிறுத்துங்கள், அலாரம் வருகிறதா பாருங்கள்.

இன்னொன்று, ஒப்பந்தத்தில் "ஒரு சொல்கூட" என்று இருந்தால் இப்போதே திருத்தச் சொல்லுங்கள். 8.4இலும் நகலுக்குக் கொடுக்கும் உரிமையின் பெயர் ரெப்ளிகேஷன் ஸ்லேவ்தான். ரெடிஸ் 5இலேயே ரெப்ளிகாஆஃப் கட்டளை வந்துவிட்டது, ஆனால் இன்ஃபோ கட்டளை காட்டும் விவரத்தில் ரோல் இன்னும் ஸ்லேவ் என்றுதான் வரும். அவை உங்கள் கையில் இல்லை.

பதில்: ஓரெழுத்து

தொழில்நுட்பம் சரிங்க, ஆனா இதுக்கு இவ்வளவு மெனக்கெடணுமா? கிட்ல கோடோட முதன்மைக் கிளைக்கு மாஸ்டர் பிராஞ்ச்னு பேரு, அதுக்கு எதிரா ஸ்லேவ்னு ஒண்ணு கிடையவே கிடையாது. இந்தச் சொல் விவகாரம் அமெரிக்காவோட இனப் பிரச்சினை. பேரை மாத்திட்டா அங்க யாருக்கு வேலை கிடைச்சுடப் போகுது? நம்ம ஊர்ல உக்காந்துக்கிட்டு பைப்லைனை (தானா பில்டு ஆகிற ஏற்பாட்டை) உடைக்கிறதுதான் மிச்சம்.

பதில்: கர்னல்_வாசகி

பிராஞ்ச் பற்றிச் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது, மாஸ்டர் தனியாக வரும் இடம் இந்த வாதத்தில் பலவீனமான இடம்தான். "நமக்கென்ன" என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. பறையர் என்ற நம் மக்களின் பெயரை ஆங்கிலத்தில் ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் இன்றும் எழுதுகிறார்கள். அதைப் படித்து முகம் சுளிப்பவர்களுக்கு ஸ்லேவ் ஏன் உறுத்தும் என்று விளக்க வேண்டியதில்லை. பெயர் மாற்றினால் வேலை கிடைக்காது என்பது உண்மை, அப்படி யாரும் வாக்குறுதி தரவும் இல்லை.

பைப்லைன் உடையும் பயத்துக்கு லினக்ஸ் கர்னல் 2020 ஜூலையில் வைத்த விதி நல்ல பதில்: புதுக் கோடில் இந்தச் சொற்கள் வேண்டாம். யூசர்ஸ்பேஸ் (கர்னலுக்கு வெளியே ஓடும் செயலிகள்) நம்பியிருக்கும் பழைய ஏபிஐக்கும், வன்பொருள் விவரக்குறிப்பு அந்தச் சொல்லையே கட்டாயப்படுத்தும் இடத்துக்கும் விலக்கு. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸும் கண்ட்ரோல்-பிளேன் என்ற லேபிளைப் பழையதோடு சேர்த்துச் சில பதிப்புகள் ஓடவிட்டு, 1.24இல்தான் மாஸ்டர் லேபிளை எடுத்தது.

ஜாங்கோ 2014லேயே பிரைமரி, ரெப்ளிகா என்று மாறியதைத் துல்லியத்துக்காகவும் ஆதரிப்பேன். முதன்மை சர்வர் விழுந்தால் (ஃபெயிலோவர்) நகல் முதன்மையாகும், "அடிமை எஜமானன் ஆனான்" என்று யாரும் ரன்புக்கில் (செயல்முறைக் குறிப்பேட்டில்) எழுதுவதில்லை.

வடகரை:

நன்றி. கான்ஃபிக்குக்கு இரட்டைக் கீ, கண்காணிப்பை முதலில் சரிசெய்வது என்று முடிவு செய்கிறோம். பிராஞ்சை கிட்ஹப் பக்கத்திலேயே மாற்றினால் போதுமா? ஒரு சர்வர் மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்த மரியாடிபியிலும் ஓடுகிறது.

டிபிஏ_சேலம்:

மரியாடிபி 10.5.1 முதல் ஷோ ரெப்ளிகா ஸ்டேட்டஸை ஏற்கும், ஆனால் காலம் பெயர்கள் பழையவைதான். ஒரே ஸ்கிரிப்ட் என்றால் இரண்டு பெயரையும் பார்க்க வேண்டும், இரண்டும் இல்லாவிட்டால் எர்ரர் என்று நிற்க வேண்டும்.

கர்னல்_வாசகி:

பிராஞ்சுக்கு அது போதாது. கிட்ஹப் இணைப்புகளைத் திருப்பிவிடும், திறந்திருக்கும் புல் ரிக்வெஸ்ட்களையும் நகர்த்தும். ஆனால் பழைய பிராஞ்ச் பெயரில் கிட் புல் செய்தால் திருப்பிவிடாது. தானியங்கி பில்டுக்கான வொர்க்ஃப்ளோ கோப்பில் பிராஞ்ச் பெயர் மாஸ்டர் என்று இருந்தால் பில்டு ஓடாது, சிவப்புக் குறியும் வராது. பெயரை மாற்றும் முன்பே அந்தக் கோப்பில் இரண்டு பெயரையும் சேர்த்துவிடுங்கள். டெவலப்பர்கள் தங்கள் கணினியில் பிராஞ்சின் பெயரை மாற்றி, ஃபெட்ச் செய்து, அப்ஸ்ட்ரீமை (அது பின்தொடரும் கிட்ஹப் பிராஞ்சை) புதுப் பெயரான மெயினுக்குத் திருப்ப வேண்டும். யாராவது மறந்து பழைய மாஸ்டரைப் புஷ் செய்தால் அது மறுபடி முளைக்கும், அந்தப் பெயரில் பிராஞ்ச் உருவாக்குவதை கிட்ஹப்பின் ரூல்செட்டில் (பிராஞ்ச் விதிகளில்) தடுத்து வையுங்கள்.