8 வயசு மகளோட மந்திரவாதி செத்துட்டா: டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுறவங்க உதவுங்க

கோவையில இருக்கோம். ஜூன்ல இருந்து ஞாயிறு சாயந்திரம் மனைவி, மகன் (13), மகள் (8) மூணு பேரும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுறாங்க (ஆளுக்கொரு கேரக்டரா கதைக்குள்ள போய், பகடை உருட்டி ஆடுற விளையாட்டு). நான்தான் டஞ்சன் மாஸ்டர், அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்துறவன். 5ஆம் பதிப்பு, 2014ல வந்த ஸ்டார்ட்டர் செட். விதியெல்லாம் தமிழ்லயே சொல்றேன்.

முதல் சண்டையிலேயே 4 காப்ளின் (குட்டி அரக்கன்). ஒரு அடிக்கு 3ல இருந்து 8 உயிர்ப்புள்ளி போகும். லெவல் 1 மந்திரவாதி தாங்கமாட்டா. மகளோட மந்திரவாதி முதல் தடவை மயங்கி விழுந்ததும் காப்ளினை 2 ஆக்கினேன், பெரியவனுக்கு சப்புனு ஆயிடுச்சு. அப்புறம் என் பகடையை மறைக்கிற திரைக்குப் பின்னாடி விழுந்த எண்ணை மாத்திச் சொன்னேன். அவன் கண்டுபிடிச்சு, "இது விளையாட்டே இல்லப்பா"ன்னான். நியாயம்தான்.

அடுத்த சண்டையில நேர்மையா உருட்டினோம். உயிர்ப்புள்ளி 0 ஆகி, பிழைப்பாளான்னு உருட்டின 20 முகப் பகடையில மூணு முறை 10க்குக் கீழ விழுந்து மந்திரவாதி செத்துட்டா. பாப்பா அவளுக்குப் பேர் வச்சு, படம் வரைஞ்சு சுவத்துல ஒட்டியிருந்தா. மூணு வாரமா மேசைக்கே வரல. புது கேரக்டர் வேண்டாமாம். உயிர்ப்பிக்கலாம்னா, "செத்தவ எப்படி வருவா?"ங்குறா.

பெரியவனுக்கு ஆபத்தும் நிஜமா இருக்கணும், சின்னவளும் திரும்ப வரணும். உயிர்ப்புள்ளி 0 ஆனா, சாவுக்குப் பதிலா உங்க வீட்ல என்ன விதி வச்சிருக்கீங்க?