நீர்ப்பிரமி: எங்கே பார்த்தீங்க, எப்படி வளர்த்தீங்க?

பாகூரிலிருந்து:
தை மாசம் பாகூர் ஏரிக்குப் பக்கத்து வாய்க்கால் ஓரமா அத்தையோட நடந்து போனேன். சேத்துல பாய் விரிச்ச மாதிரி ஒரு மூலிகைச் செடி படர்ந்திருந்துச்சு. அஞ்சு இதழ்ல வெள்ளைப் பூ, லேசா ஊதா பாய்ஞ்சது. அத்தை ஒரு இலையைக் கிள்ளி மென்னாங்க, முகம் சுருங்கிடுச்சு. "நீர்ப்பிரமியேதான், இந்தக் கசப்பு போதும்"னாங்க.

வல்லாரையையும் பிரமின்னு சொல்றதால பலபேர் குழம்புறாங்க. வல்லாரை இலை வட்டமா, ஓரம் பல்லு பல்லா, நீளக் காம்புல நிக்கும். இது பொடி இலை, சதைப்பிடிப்பா, தண்டுல ஜோடி ஜோடியா எதிரெதிரே இருக்கும்.

பத்து தண்டு கிள்ளிட்டு வந்து பாதியை வழக்கம்போல ஓட்டை போட்ட தொட்டியில நட்டேன். ரெண்டு நாள் ஊருக்குப் போயிட்டு வந்தா எல்லாம் காஞ்சு கிடக்கு. மனசே கேக்கல. தண்ணியில போட்டு வச்சிருந்த மீதியை ஓட்டையில்லாத பழைய டப்புல வண்டல் மண் நிரப்பி நட்டு, மேல ஒரு விரக்கடை தண்ணி நிறுத்தினேன். ஒரே வாரத்துல கணுவுக்குக் கணு வெள்ளை வேர்!

தாழங்குடாவிலிருந்து:
எங்க கிணத்துத் தண்ணி கொஞ்சம் உவர்ப்பு. அதை ஊத்தினா கறிவேப்பிலை நுனி கருகிடும், நீர்ப்பிரமி அசையல. நல்ல வெயில் மட்டும் வேணும். மாமர நிழல்ல வச்சப்போ தண்டு நீண்டு பூவே விடல. 2024 ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் பெண்ணையாத்து வெள்ளம் வந்து டப்பைச் சேறு மூடிடுச்சு. போச்சுன்னுதான் நினைச்சோம். வடிஞ்சு கொஞ்ச நாள்ல சேத்தைக் கீறிக்கிட்டு பச்சைத் துளிர்!

வில்லியனூரிலிருந்து:
சாக்கடை கலக்குற வாய்க்கால்ல பறிச்சதைத் தயவுசெய்து சாப்பிடாதீங்க. காட்மியம், குரோமியம் மாதிரி உலோகத்தையெல்லாம் இது உறிஞ்சி உள்ளேயே வச்சுக்கும். அங்கிருந்து தண்டு எடுக்கிறதா இருந்தா சும்மா வளர்த்துப் பார்க்க மட்டும் எடுங்க. பாகூர்க்காரரே, நீங்க பார்த்த இடத்துல இன்னும் இருக்கா?

பாகூரிலிருந்து:
இல்லைங்க. தூர் வாருறப்போ கரையோரத்தையும் சேர்த்து வழிச்சிட்டாங்க. நேத்து டப்புலேர்ந்து ஆறு தண்டு கொண்டுபோய், தண்ணி தேங்குற பள்ளமாப் பார்த்து ஊனிட்டு வந்தேன்.