உள்ளொழுக்கு: லீலாம்மாவை ஏன் மன்னிக்க வேண்டும்? (முழுக் கதையும் பேசுகிறோம், பார்க்காதவர்கள் விலகவும்)

செம்பருத்தி
2024 ஜூனில் வந்த இந்த மலையாளப் படத்தை நேற்று ராத்திரிதான் பார்த்தேன். எல்லாரும் ஊர்வசிக்காக அழுதோம் என்கிறீர்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மறந்தவர்களுக்காகக் கதை: அஞ்சு (பார்வதி) ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண். ராஜீவைக் காதலிக்கிறாள். வீட்டில் கட்டாயப்படுத்தி, வசதியான குடும்பத்து தாமஸ்குட்டிக்குக் கட்டிவைக்கிறார்கள். அவன் படுத்த படுக்கையாகி இறந்துபோகிறான். கேரளத்தில் அவர்கள் இருக்கும் குட்டநாடு முழுக்க வெள்ளம். குடும்பக் கல்லறையில்தான் அடக்கம் என்று அவனுடைய அம்மா லீலாம்மா (ஊர்வசி) உறுதியாக இருக்க, தண்ணீர் வடியக் காத்திருக்கிறார்கள். அஞ்சு வயிற்றில் குழந்தை, ஆனால் அது ராஜீவின் குழந்தை. மகனுக்கு ஏற்கெனவே நோய் இருந்ததை லீலாம்மா மறைத்துத்தான் கல்யாணம் செய்தார் என்பது பிறகு தெரியவருகிறது.

அஞ்சு செய்த துரோகத்தைப் படம் நிறுத்தி நிதானமாக விசாரிக்கிறது. லீலாம்மாவின் பொய்க்கு மட்டும் ஒரு அழுகை, ஒரு மன்னிப்பு, முடிந்தது. இது என்ன கணக்கு?

மேட்னி ஷோ
கணக்குப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் படமே இல்லை அது. அஞ்சு கர்ப்பம் என்று தெரிந்ததும் ஊர்வசியின் முகத்தைப் பார்த்தீர்களா? மகனைப் பறிகொடுத்த வீட்டில் சந்தோஷப்படலாமா கூடாதா என்று அந்த முகத்துக்கே தெரியவில்லை. சிரிப்பு வருகிறது, வந்த சிரிப்பைப் பார்த்து அதுவே பயப்படுகிறது. அந்தக் குழந்தை தன் ரத்தம் இல்லை என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. மறைத்ததற்கான தண்டனை அங்கேயே கிடைத்துவிட்டது. இன்னும் என்ன வேண்டும் உங்களுக்கு?

செம்பருத்தி
நடிப்பு பிரமாதம், மறுக்கவில்லை. நடிப்பு நன்றாக இருப்பதால்தான் பொய் சொன்னவரை நாம் விட்டுவிடுகிறோம் என்கிறேன்.

என் சித்தி மகளுக்கு இப்படித்தான் நடந்தது. பையனுக்கு வலிப்பு. மாத்திரை அட்டையைக் கல்யாணமான பதினோராவது நாள் பீரோவில் துணிக்கு அடியில் பார்த்தாள். கேட்டதற்கு மாமியார் சொன்ன பதில்: "சொல்லியிருந்தா நீ கட்டியிருப்பியா?" அந்த அம்மாவும் மகனை நினைத்து அழுதவர்தான். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். ஆயிரத்தையும் சொல்வது ஒருவர், காலம் பூராவும் அனுபவிப்பது இன்னொருவர்.

பழமொழிப் பித்தன்
அது "ஆயிரம் பேருக்குப் போய்ச் சொல்லி" என்பதுதான். காலப்போக்கில் "பொய்" ஆகிவிட்டது.

செம்பருத்தி
வாட்ஸப்பில் வாரம் ஒரு தடவை வருகிறது சார். எங்கள் வீட்டில் பொய்தான் சொன்னார்கள்.

குட்டநாட்டு மருமகன்
நான் நாகர்கோவில்காரன், பெண் எடுத்தது குட்டநாட்டில், புளிங்குன்னு பக்கம். அந்தக் காத்திருப்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2018 ஆகஸ்ட் வெள்ளம்தான் எல்லாருக்கும் ஞாபகம். அதற்கு முன்னால் ஜூலையிலேயே குட்டநாடு ஒரு தடவை மூழ்கியது. அப்போதுதான் என் மனைவியின் பாட்டி தவறினார். கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளைகிற ஊர். வரப்பு உடைந்தால் (அவர்கள் மட வீழ்ச்சி என்பார்கள்) தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும். சர்ச் கல்லறைத் தோட்டம் கண்ணுக்கே தெரியவில்லை. உடலைப் படகில் கொண்டுபோய் சங்கனாசேரியில் ஓர் ஆஸ்பத்திரிப் பிணவறையில் வைத்துவிட்டு வந்தோம்.

ஐந்து நாள். பிரிட்ஜ் பெஞ்சு மேல் இருந்தது, அரிசி மூட்டை கட்டில் மேல். துக்கம் கேட்க வந்தவர்கள் படகை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, முட்டளவு தண்ணீரில் நின்றபடி பேசினார்கள். மாமியார் தினமும் விடிந்ததும் சுவரில் தண்ணீர் நிற்கிற மட்டத்துக்குக் கரிக்கட்டியால் ஒரு கோடு போடுவார். "இறங்கிச்சா?" என்று உள்ளேயிருந்து கேட்பார்கள். "ஒரு விரக்கடை" என்பார். அவ்வளவுதான் பேச்சு. அந்த ஐந்து நாளில் யாரும் வாய்விட்டு அழுது நான் பார்க்கவில்லை. அடக்கம் முடிந்து திரும்பும்போது, படகிலேயே ஆரம்பித்தார்கள்.

குடும்பக் கல்லறை என்று லீலாம்மா அடம்பிடிப்பதைத் தயவுசெய்து வறட்டு கௌரவம் என்று எழுதாதீர்கள். நாளைக்குத் தானும் போய்ப் படுக்கப்போகிற இடம் அது.

செம்பருத்தி
அண்ணா, அந்தக் கரிக்கோடு மனசை என்னவோ செய்துவிட்டது. கல்லறை விஷயத்தில் நான் லீலாம்மா பக்கம்தான். ஆனால் நீங்களே சொல்கிறீர்கள், யாரும் வெளியே போக முடியாத வீடு. அதில் அஞ்சுவின் நிலையை யோசியுங்கள். நோயாளிக்குப் பணிவிடை செய்தாள், விதவையும் ஆனாள், இப்போது மாமியார் கருணையோடு வழிவிடுகிறார்: குழந்தை பிறக்கட்டும், இந்த வீட்டுப் பேரப்பிள்ளையாகவே வளரட்டும். ஒரு பொய்யை மூட அடுத்த பொய். அதுவும் அதே வீட்டுக்காக.

மேட்னி ஷோ
அஞ்சு அதற்குத் தலையாட்டிவிடவில்லையே! உண்மையை முதலில் போட்டு உடைப்பது அவள்தான். பிணம் இன்னும் மண்ணுக்குப் போகவில்லை, அந்த நேரத்தில் மாமியாரிடம் "இது உங்கள் மகனுடையது இல்லை" என்று சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? படம் பேசாமல் விட்ட ஆள் லீலாம்மா இல்லை, அஞ்சுவைப் பெற்றவர்கள். அவர்கள் மேல் உங்களுக்கு ஏன் கோபமே வரவில்லை?

செம்பருத்தி
வந்தது. எழுத விட்டுப்போனது. அஞ்சுவின் அப்பாவாக அலென்சியர் வருகிற ஒவ்வொரு காட்சியிலும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரே டிக்கெட்
படம் சுமார். மழை, சோகம், மழை. தலைப்பைப் பார்த்து ஒழுக்கத்தைப் பற்றிய படம் என்று நினைத்து உட்கார்ந்தேன்.

குட்டநாட்டு மருமகன்
ஒழுக்கு என்றால் மலையாளத்தில் நீரோட்டம். மேலே அசையாமல் தெரியும், அடியில் இழுக்கும். எங்கள் ஊர்ப் பக்கம் குளிக்கப் போனால் முதலில் சொல்கிற எச்சரிக்கையே அதுதான்.

மேட்னி ஷோ
துணை நடிகை விருது சங்கதியை யாரும் தொடவே இல்லையே. 2025 ஆகஸ்டில் தேசிய விருது அறிவித்தபோது ஊர்வசிக்கு சிறந்த துணை நடிகை. எந்த அளவுகோலில் என்று அவரே வெளிப்படையாகக் கேட்டார். அதே நடிப்புக்குக் கேரளம் முந்தைய வருஷமே சிறந்த நடிகை விருது கொடுத்திருந்தது, நடிகை பீனா ஆர். சந்திரனோடு பகிர்ந்து. லீலாம்மா துணைப் பாத்திரம் என்றால் அந்தக் கதையின் நாயகி யார்?

செம்பருத்தி
அஞ்சு! அதைத்தானே காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் இதில் நான் உங்கள் கட்சி. இரண்டு பேருமே நாயகிகள். முந்தானை முடிச்சு வந்த 1983இலிருந்து பார்க்கிறோம், ஊர்வசியைத் துணை என்று எழுத எப்படிக் கை வந்ததோ.

மேட்னி ஷோ
சரி, சமாதானம். அப்படியானால் முடிவைப் பற்றிச் சொல்லுங்கள். ராஜீவ் வாயில் சொத்துப் பேச்சு வருகிறது, அஞ்சு அவனை விட்டு லீலாம்மாவோடு போகிறாள். அது மன்னிப்பு இல்லாமல் வேறு என்ன?

செம்பருத்தி
வேறு போக்கிடம் இல்லாததும் இருக்கலாம். பெற்றவர்கள் விற்றார்கள், காதலன் விலை கேட்டான். மிச்சம் இருந்தவர்களில் மன்னிப்புக் கேட்டது ஒருவர்தான்.

மேட்னி ஷோ
பாருங்கள், நீங்களே லீலாம்மாவுக்கு ஒரு மார்க் போட்டுவிட்டீர்கள்.

செம்பருத்தி
அரை மார்க். என் சித்தி மகளிடம் அவள் மாமியார் இன்றுவரை கேட்கவில்லை.

குட்டநாட்டு மருமகன்
மாமியாரிடம் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். எதற்கு என்று கேட்டேன். "தண்ணி இவ்வளவு நிக்குது, இன்னும் யாரும் கட்டிலுக்குக் கீழே இருக்கிற பெட்டியை எடுக்கல" என்றார்.