பாஸ்போர்ட் சைஸ் படத்தில் முகம் டல்லாக, கோடு கோடாக வருகிறது: கேமராவா, பிரிண்டரா?

செய்யாறு ஜெராக்ஸ் கடை:
வணக்கம். தாலுகா ஆபீஸ் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் எடுத்துத் தருகிறேன். ஸ்கூல் அட்மிஷன் நேரம், காலையிலிருந்தே ஆள் நிற்கிறார்கள். இந்த நேரம் பார்த்து பிரிண்ட் படுத்துகிறது.

முகம் களையே இல்லாமல், லேசாகப் பச்சை அடித்து வருகிறது. உற்றுப் பார்த்தால் நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் மெல்லிசாகக் கோடு ஓடுகிறது. கேமரா கார்டை ரீடரில் போட்டு போனில் பார்த்தால் படம் அருமையாக இருக்கிறது. ஆனால் எட்டுப் படம் அடுக்குகிற சாஃப்ட்வேரில் திறந்தால் அங்கேயும் கொஞ்சம் டல்தான்.

கேமரா 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர். பிரிண்டர் ஆறு கலர் இங்க் டேங்க். பேப்பர் 4க்கு 6 அங்குல கிளாஸி, எப்போதும் வாங்குகிற அதே பேப்பர். கடையில் எல்இடி டியூப், ஃபிளாஷ் போடுவதில்லை. உள்ளூரில் காட்டினேன். ஹெட், அதாவது தாளில் இங்க் தெளிக்கிற பாகம், போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொன்னார்கள். அவர்கள் சொன்ன தொகைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புது பிரிண்டரே வாங்கிவிடலாம். செலவு பண்ணுவதற்கு முன்னால் விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

பிரவுசிங் சென்டர், ஆம்பூர்:
ஹெட் கிளீனிங் அஞ்சாறு தடவை தொடர்ந்து கொடுங்க, சரியாயிடும். எனக்கு அப்படித்தான் சரியாச்சு.

பிரிண்டர் சர்வீஸ், கோவை:
தயவுசெய்து அப்படிப் பண்ணாதீங்க மேடம். ஒவ்வொரு கிளீனிங்குக்கும் இங்க்கை உறிஞ்சி உள்ளே இருக்கிற வேஸ்ட் இங்க் பேடில் கொட்டும். அந்தப் பேடு நிறைஞ்சா பிரிண்டர் மெசேஜ் காட்டி நின்னுடும். அட்மிஷன் நேரத்துல அது வேற தலைவலி.

முதல்ல நாசில் செக் ஒண்ணு மட்டும் எடுங்க. நாசில்னா ஹெட்டுல இங்க் வர்ற பொடி ஓட்டை. வெள்ளை ஏ4 தாள் போதும். ஆறு கலருக்கும் படிக்கட்டு மாதிரி சின்னச் சின்னக் கோடு வரும். எந்த நிறத்துல படி விட்டுப் போயிருக்குன்னு வெளிச்சத்துல வெச்சுப் பாருங்க. மஞ்சள்ல விட்டுப் போனது கண்ணுக்குச் சட்டுன்னு தெரியாது. நீல லைட் ஏதாவது அடிச்சா மஞ்சள் கோடு கறுப்பாத் தெரியும்.

லைட் மெஜந்தாவை, அதாவது வெளிர் ரோஸ் இங்க்கை, நல்லாப் பாருங்க. நம்ம ஊர் முகத்துக்கு உயிர் கொடுக்கிறதே அந்த நிறம்தான். அது குறைஞ்சா முகம் பச்சைக்குத்தான் போகும். ஹெட் மாத்தச் சொன்னவங்க நாசில் செக் எடுத்துக் காட்டினாங்களா? அதை எடுக்காம ஹெட் போச்சுன்னு யாரும் சொல்ல முடியாது.

கலர் லேப் பெரியவர், மதுரை:
தங்கச்சி, பிரிண்டரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். கோடு படத்திலேயே இருக்கிறதா, தாளில் மட்டும் விழுகிறதா என்பது தெரிந்தாக வேண்டும்.

எல்இடி டியூப் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் கேமராவே பட்டை போடக்கூடும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மட்டமான எல்இடி செகண்டுக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். ஷட்டர் வேகமாக ஓடினால் அது படத்தில் பட்டை பட்டையாகப் பதியும். கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுக்கும்போது அந்தப் பட்டை முகத்தில் மேலிருந்து கீழாக வரும்.

எட்டுப் படத்தை 4க்கு 6 தாளில் அடுக்கும்போது படங்கள் தாளில் படுத்துக் கிடக்கின்றன. ஹெட் தாளின் அகலவாக்கில் ஓடுகிறது. ஆகவே ஹெட் விட்ட கோடும் முகத்தில் மேலிருந்து கீழாகத்தான் வரும். இரண்டும் ஒரே திசை, அதனால்தான் பார்த்தவுடன் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஒரே ஒரு முகத்தை முழுத் தாளுக்கு, நிமிர்ந்த வாக்கில் அடித்துப் பாருங்கள். கோடு இப்போது முகத்துக்குக் குறுக்கே, காதிலிருந்து காதுக்கு ஓடினால் குற்றம் பிரிண்டரில். அப்போதும் நெற்றியிலிருந்து தாடைக்கே ஓடினால் கேமராவில்.

செய்யாறு ஜெராக்ஸ் கடை:
இரண்டையும் செய்தேன். ஒற்றைப் படத்தில் கோடு குறுக்கே வந்துவிட்டது, ஐயா. அப்படியானால் பிரிண்டர்தான்.

நாசில் செக்கில் ஐந்து நிறம் முழுசாக இருக்கிறது. லைட் மெஜந்தாவில் மட்டும் நடுவில் படிகள் கும்பலாகக் காணோம். ஒரு முறை கிளீனிங் கொடுத்தேன், பாதி திரும்பியது. பச்சை குறைந்துவிட்டது. ஆனால் டல்லாக இருப்பது அப்படியே இருக்கிறது. அதுதான் புரியவில்லை.

பிரிண்டர் சர்வீஸ், கோவை:
பாதி திரும்பிச்சுன்னா ஹெட் போகல, அடைப்புதான். இன்னொரு கிளீனிங், ஒரு நாசில் செக், வேணும்னா இன்னும் ஒரு தடவை. மொத்தம் மூணுக்கு மேல போகாதீங்க. மிச்சம் இருந்தா பிரிண்டர் பட்டன்ல ஆஃப் பண்ணிட்டு 12 மணி நேரம் சும்மா விடுங்க. காய்ஞ்ச இங்க் தானா இளகும், டியூப்ல இருக்கிற காத்தும் ஒதுங்கும். காலையில ஒரு கிளீனிங் கொடுத்தா பெரும்பாலும் முழுசா வந்துடும்.

அதுக்கும் வரலைன்னா பவர் கிளீனிங், நிறைய இங்க்கை இழுத்து விடுற பெரிய கிளீனிங். எல்லா டேங்க்லயும் மூணுல ஒரு பங்குக்கு மேல இங்க் இருக்கணும். கம்மியா இருந்தா காத்தை இழுத்து ஹெட்டுக்கே ஆபத்து.

இன்னொண்ணு கேக்கணும். சாயந்தரம் கடை சாத்தும்போது எப்படி ஆஃப் பண்றீங்க? மெயினை இறக்கிடுவீங்களா?

செய்யாறு ஜெராக்ஸ் கடை:
ஆமாம் சார், மெயின் ஸ்விட்ச்தான். ரோட்டில் எல்லாக் கடையும் அப்படித்தான்.

பிரிண்டர் சர்வீஸ், கோவை:
எனக்கு வர்ற ஹெட் கேஸ்ல நிறைய இதுதான் மேடம். பிரிண்டர்ல இருக்கிற பட்டனை அழுத்தினாத்தான் ஹெட் ஓரமாப் போய் ரப்பர் மூடி மேல உக்காரும். பாதி வழியில கரண்டைப் புடுங்கினா நாசில் ராத்திரி முழுக்கத் திறந்தே கிடக்கும், காய்ஞ்சுடும். பட்டனை அழுத்துங்க, லைட் முழுசா அணையட்டும், அப்புறம் மெயினை இறக்குங்க. பவர் கட் அடிக்கடி வந்தா சின்ன யூபிஎஸ்ல போடுங்க. லேசர் பிரிண்டர் இருந்தா அதை மட்டும் அதே யூபிஎஸ்ல மாட்டாதீங்க. லேசர்ல பவுடரை உருக்குற ஃபியூசர் சூடாகும்போது இழுக்கிற கரண்டை சின்ன யூபிஎஸ் தாங்காது.

ஸ்டுடியோ, தஞ்சாவூர்:
அக்கா, டல் அடிப்பதற்கு நான் ஒன்று கேட்கிறேன். கார்டில் இருக்கிற ஃபைல் பெயர் எப்படி ஆரம்பிக்கிறது? முதல் எழுத்துக்கு முன்னால் அண்டர்ஸ்கோர் இருக்கிறதா?

செய்யாறு ஜெராக்ஸ் கடை:
இருக்கிறது தம்பி! பழைய ஃபோல்டரில் பார்த்தேன், அதில் எழுத்தில்தான் ஆரம்பிக்கிறது, அண்டர்ஸ்கோர் நடுவில்தான். இப்போதைய படங்கள் எல்லாமே அண்டர்ஸ்கோரில் ஆரம்பிக்கின்றன. நடுவில் என் தம்பி ஒரு கல்யாணத்துக்கு கேமராவை எடுத்துப் போயிருந்தான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?

ஸ்டுடியோ, தஞ்சாவூர்:
அதேதான் அக்கா. கேமராவில் கலர் ஸ்பேஸ், அதாவது நிறங்களைக் குறித்துவைக்கிற முறை, அடோபி ஆர்ஜிபிக்கு மாறியிருக்கிறது. அப்படி மாறினால் கேமரா ஃபைல் பெயருக்கு முன்னால் அண்டர்ஸ்கோர் போடும். நிக்கான், கேனான் இரண்டிலும் இதே வழக்கம்தான்.

அடோபி ஆர்ஜிபி 1998ல் வந்தது. பெரிய பிரஸ் வேலைக்கு நல்லது, நிறம் அதிகம் கொள்ளும். ஆனால் அதைப் படிக்கத் தெரிந்த சாஃப்ட்வேர் வேண்டும். உங்கள் போனுக்குத் தெரிகிறது, அதனால் அங்கே அழகாக இருக்கிறது. எட்டுப் படம் அடுக்குகிற சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் சாதாரண முறையான எஸ்ஆர்ஜிபி என்றே நினைத்துக்கொள்கிறது, அதனால் முகத்தில் ரத்தம் வற்றிவிடுகிறது. பிரிண்டரை எத்தனை முறை கிளீன் செய்தாலும் இது போகாது.

கேமரா மெனுவில் கலர் ஸ்பேஸ் போய் எஸ்ஆர்ஜிபி ஆக்குங்கள். ஏற்கெனவே எடுத்த படங்களை ஃபோட்டோஷாப்பில் எடிட் மெனுவில் கன்வர்ட் டு ப்ரொஃபைல் கொடுத்து எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, வேறு பெயரில் சேமியுங்கள். பக்கத்திலேயே அசைன் ப்ரொஃபைல் இருக்கும், அதை அழுத்த வேண்டாம். அது லேபிளை மட்டும் மாற்றும், படம் டல்லாகவே நிற்கும்.

சாஃப்ட்வேரில் சாச்சுரேஷன் ஏற்றி ஈடுகட்டிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். முகம் சரியானால் உதடு எரியும், யூனிஃபார்ம் நிறம் மாறும்.

செய்யாறு ஜெராக்ஸ் கடை:
தம்பி, மாற்றி எடுத்துவிட்டேன். மானிட்டரிலேயே முகம் தெளிந்துவிட்டது! இரவு முழுக்க பிரிண்டரை விட்டு, காலையில் ஒரு கிளீனிங். லைட் மெஜந்தா படி ஒன்றுகூட விடவில்லை. ஹெட்டுக்கு எடுத்து வைத்த பணம் அப்படியே இருக்கிறது. மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி.

இதோடு இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். 35க்கு 45 மில்லிமீட்டர் என்று அடுக்கினாலும் ஸ்கேல் வைத்தால் அகலம் 36ஐத் தொடுகிறது. ஒரு ஆபீசில் சைஸ் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அளவு தப்பாக வைத்திருக்கிறேனா?

ஸ்டுடியோ, தஞ்சாவூர்:
அளவு சரிதான் அக்கா. 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில், 35க்கு 45 என்றால் 413க்கு 531 பிக்சல். சாஃப்ட்வேரில் அது இருந்தால் போதும். பிரிண்டில் பார்டர்லெஸ் டிக் போட்டிருப்பீர்கள். பார்டர்லெஸ் என்றால் ஓரத்தில் வெள்ளை தெரியாமல் இருக்க பிரிண்டரின் டிரைவர் சாஃப்ட்வேர் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கித் தாளுக்கு வெளியே வழிய விடும். படமும் சேர்ந்து பெருத்துவிடும்.

டிக்கை எடுத்துவிடுங்கள். ஃபிட் டு பேஜும் வேண்டாம், 100 சதவீதத்தில் அடியுங்கள். எட்டுப் படத்துக்கு 140க்கு 90 மில்லிமீட்டர் போதும். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் வெள்ளை போனாலும் 4க்கு 6 தாளில் தாராளமாக அடங்கும், வெட்டுவதற்கு நடுவில் நூலளவு இடமும் விடலாம்.

கலர் லேப் பெரியவர், மதுரை:
தங்கச்சி, எல்இடி விஷயத்தையும் விட்டுவிட வேண்டாம். ஷட்டரை செகண்டில் 100ல் ஒன்று அல்லது 50ல் ஒன்று என்று வையுங்கள். கரண்டோடு ஒத்துப்போகும், பட்டை வராது. குழந்தைகள் நிற்க மாட்டார்கள், அவர்களுக்கு 100ல் ஒன்று. வெளிச்சம் பத்தாவிட்டால் ஐஎஸ்ஓவை 800 வரைக்கும் ஏற்றலாம், இந்த அளவுப் படத்தில் குருணை தெரியாது. வெள்ளையை வெள்ளையாகக் காட்டுகிற ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். அந்த டியூப் வெளிச்சத்திலேயே ஒரு வெள்ளைத் தாளைப் படமெடுத்து கஸ்டமில் ஏற்றிவிடுங்கள். மஞ்சள் சட்டைக்காரர் உட்கார்ந்தாலும் வெள்ளைச் சட்டைக்காரர் உட்கார்ந்தாலும் முகம் ஒரே நிறத்தில் வரும்.